பிள்ளையின் காலில் மாவுக்கட்டு: முதல் நாளிலிருந்து கழற்றும் நாள் வரை

கேள்வி இதுதான். மலேசியாவில், கோலாலம்பூரின் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஒரு தாயார் கேட்கிறார். மகனுக்கு ஐந்து வயது, எடை 18 கிலோ. சைக்கிள் சாய்ந்தபோது கால் அடியில் மாட்டி முறுக்கிக்கொண்டது. அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பான டிபியாவில் திருகு முறிவு, பக்கத்துச் சிறிய எலும்பான ஃபிபுலா முறியவில்லை என்றார்கள். தொடையிலிருந்து விரல் வரை பின்பக்கம் மட்டும் கட்டுப் போட்டு, ஒரு வாரம் கழித்து எலும்பு கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். ஏன் பாதிக்கட்டு? தனியாரிடம் போய் ஃபைபர்கிளாஸ் போட்டுவிடலாமா? சின்சேவிடம், அதாவது சீனப் பாரம்பரிய வைத்தியரிடம், காட்டலாம் என்கிறார் மாமியார், காட்டலாமா? கால் குட்டையாகிவிடுமா?

சுருக்கமாகச் சொன்னால், பாதிக்கட்டு சரியான முடிவு. ஃபைபர்கிளாஸுக்காக அவசரப்பட ஒன்றுமில்லை. சின்சேவிடம் இப்போது போக வேண்டாம். கால் குட்டையாகும் என்ற பயமும் இந்த முறிவுக்குப் பொருந்தாது. நீங்கள் கேட்காத ஒன்றுதான் இங்கே முக்கியம்: முதல் மூன்று வாரமும் வாரம் ஒருமுறை எடுக்கும் எக்ஸ்ரே. அதில் ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். ஃபிபுலா முறியாமல் இருப்பது நல்ல செய்தி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பாதிதான் உண்மை. எலும்பு நழுவாமல் அது தாங்கிப் பிடிக்கிறது, ஆனால் வெளிப்பக்கத்தில் முட்டுக்கொடுத்தபடி நின்றும்விடுகிறது. கெண்டைத் தசை இழுக்க இழுக்க, முறிந்த டிபியா மெதுவாக உள்பக்கம் மடங்கி, கால் வெளிப்புறமாக வில் போல வளையப் பார்க்கும். முதல் நாள் எக்ஸ்ரேயில் நேராக இருந்த எலும்பு பதினைந்தாம் நாள் பத்துப் பாகை சாய்ந்திருப்பது இந்த வகையில் அடிக்கடி நடப்பதுதான். வலி இருக்காது. வெளியே எதுவும் தெரியாது. கட்டுக்குள்ளே நடப்பதைக் காட்ட எக்ஸ்ரேயை விட்டால் வழியில்லை.

மூன்று வாரத்துக்குள் கண்டுபிடித்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமலே சரிசெய்யலாம். முறிவு இருக்கும் மட்டத்தில் கட்டை உள்பக்கமாக முக்கால் சுற்று வெட்டி, வெளிப்பக்கம் கொஞ்சம் வெட்டாமல் விட்டு, வெட்டிய வாயை விரித்து இடையில் ஒரு சிறு ஆப்புத் துண்டைச் செருகி, மேலே மீண்டும் ஒரு சுற்று சுற்றிவிடுவார்கள். எலும்பு இன்னும் இளகியிருக்கும்போது மட்டும்தான் இது பலிக்கும். ஐந்தாவது வாரம் போய் நின்றால் புது எலும்பு இறுகியிருக்கும், அப்போது இந்த வேலை நடக்காது.

குழந்தைகளின் எலும்புக்கு ஏன் இவ்வளவு சலுகை? பெரியவர்களின் எலும்பை மூடியிருக்கும் சவ்வு மெல்லியது. பிள்ளைகளுக்கு அது தடிமனாக, ரத்த ஓட்டம் நிறைந்ததாக இருக்கும். பச்சைக் கறிவேப்பிலைக் குச்சியை வளைத்தால் ஒரு பக்கம் கிழிந்தாலும் மறுபக்கம் நார் விடாமல் பிடித்துக்கொள்ளுமே, அப்படித்தான் அந்தச் சவ்வும் முறிந்த முனைகளைப் பிடித்து வைக்கும். புது எலும்பை உண்டாக்குவதும் அதுவே. அதனால்தான் பெரியவர்களுக்குத் தகடும் திருகாணியும் வைக்கும் முறிவுகள் பலவற்றுக்குப் பிள்ளைகளிடம் கட்டே போதும். வளரும் எலும்பு தன் கோணலைத் தானே ஓரளவு நிமிர்த்திக்கொள்ளும். எட்டு வயதுக்குள் முன்பின் சாய்வு சுமார் 10 பாகை வரை, பக்கவாட்டுச் சாய்வு 5 முதல் 10 பாகை வரை, நீளக்குறைவு 1 செ.மீ. வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது வழக்கமான அளவுகோல். ஒன்று மட்டும் நிமிராது: திருகல். பாதம் வெளியே திரும்பியபடி எலும்பு சேர்ந்துவிட்டால் வளர்ச்சி அதைத் திருப்பித் தராது. அதனால் முழுக்கட்டுப் போடும் நாளில் நீங்களே ஒரு பார்வை பாருங்கள். முழங்கால் சில்லு மேலே பார்க்கும்போது பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று மறு காலோடு ஒப்பிட்டால் போதும். சந்தேகம் வந்தால் மாவு இறுகுவதற்குள் கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

இனி பாதிக்கட்டு. முறிந்த இடம் முதல் இரண்டு மூன்று நாள் வீங்கும். சுற்றிலும் இறுக மூடிய கட்டுக்குள் வீக்கம் போக இடமில்லை, அழுத்தம் தசைக்குள் ஏறும், ரத்த ஓட்டம் நிற்கும். பின்பக்கம் மட்டும் மாவுத் தகடு வைத்து முன்பக்கம் துணிப் பட்டியால் சுற்றியிருந்தால் அந்தப் பட்டி கொஞ்சம் இடம் கொடுக்கும். பிள்ளையின் காலுக்கு அந்தத் தகடு பொதுவாக 8 முதல் 10 அடுக்கு. வீக்கம் வடிந்ததும் அதே கட்டு தொளதொளவென்றாகும், எலும்பை நேராக வைக்காது. ஒரு வாரத்தில் முழுக்கட்டாக மாற்றுவது அதனால்தான். சில மருத்துவர்கள் முதல் நாளே முழுக்கட்டுப் போட்டு நெடுக்கே ஒரு கோடு வெட்டி விடுவார்கள், அதுவும் ஏற்ற முறைதான்.

முழுக்கட்டு எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்திருந்தால் நல்ல கட்டையும் மோசமான கட்டையும் நீங்களே பிரித்துப் பார்க்கலாம். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் காலைப் பிடிக்க, ஒருவர் சுற்ற. முதலில் உறைபோன்ற பின்னல் துணி. அதன்மேல் பஞ்சுப் பட்டி, ஒவ்வொரு சுற்றும் முந்தியதன் பாதியை மூடும்படி இரண்டு மூன்று அடுக்கு. குதிகால், கணுக்காலின் இரு பக்க எலும்பு, முழங்கால் சில்லு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் தட்டுப்படும் ஃபிபுலாவின் தலை ஆகிய இடங்களுக்கு மட்டும் கூடுதலாக இரண்டு அடுக்கு. அந்தக் கடைசி இடம் ஆபத்தானது. பாதத்தை மேலே தூக்க வைக்கும் நரம்பு அந்த எலும்பைச் சுற்றித் தோலுக்கு நேர் அடியில் ஓடுகிறது. கட்டு அங்கே அழுத்தினால் பாதம் தொங்கிப்போகும். பஞ்சு அதிகமானாலும் தொல்லைதான். மெத்தைக்குள் எலும்பு ஆடும்.

மாவுப் பட்டி இந்த வயதுக்கு 3 அங்குலம் அல்லது 4 அங்குல அகலம். தண்ணீர் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும், கோலாலம்பூர் குழாய்த் தண்ணீரே சரி. சுருளை முழுவதும் முக்கி, குமிழி வருவது நின்றதும் எடுத்து, இரு முனையிலிருந்தும் இலேசாகப் பிழிந்து, இழுக்காமல் காலின்மேல் உருட்ட வேண்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்பது நீர் நீக்கிய ஜிப்சம். தண்ணீர் பட்டதும் திரும்ப ஜிப்சமாக இறுகும்போது வெப்பம் வெளியாகும். வெந்நீரில் முக்குவது, தேவைக்கு மேல் அடுக்கு ஏற்றுவது, ஈரக் கட்டைத் தலையணைமேல் வைத்து மூடுவது, ஈர மாவின்மேல் உடனே ஃபைபர்கிளாஸ் சுற்றுவது, இந்த நான்கில் எதுவும் தோலைச் சுட்டுவிடும். கட்டுப் போட்ட சில நிமிடம் வெதுவெதுவென்று இருப்பது இயல்பு. பிள்ளை 'சுடுது' என்று அலறினால் இயல்பில்லை, உடனே கழற்றச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழ்ப் பகுதியை முதலில் போட்டு, அது இறுகும்வரை உள்ளங்கையால் அழுத்தி வடிவம் கொடுப்பார்கள், பிறகு தொடை வரை நீட்டுவார்கள். விரல் நுனியால் அழுத்தக் கூடாது. விரல் பட்ட இடத்தில் உள்ளே ஒரு மேடு விழும், அந்த மேட்டுக்கு அடியில் தோல் புண்ணாகும். மூன்று இடத்தில் எதிரெதிராக அழுத்தி எலும்பை நிறுத்துவதுதான் உத்தி. அதனால் நல்ல கட்டு குழாய் மாதிரி உருண்டையாக இருக்காது, காலின் வடிவம் தெரியும்படி சற்று ஒட்டியே இருக்கும். அழகாக உருண்டு வழவழவென்று இருக்கும் கட்டைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

முழங்கால் 30 முதல் 45 பாகை மடங்கியிருக்க வேண்டும். மடக்கினால்தான் முறிவு திருகாது, பிள்ளையும் ஊன்றி நடக்காது. கணுக்கால் பொதுவாகச் செங்கோணத்தில். பாதம் கீழ்நோக்கித் தொங்கியபடி ஆறு வாரம் இருந்துவிட்டால் குதிகால் தசைநார் இறுகி, பிறகு நுனிவிரலில் நடப்பான். டிபியாவின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் முறிவு இருந்தால் மட்டும் விதிவிலக்கு உண்டு. அங்கே பாதத்தை மேலே தள்ளினால் முறிவு பின்பக்கமாக வளையும் என்பதால், முதல் இரண்டு மூன்று வாரம் வேண்டுமென்றே பாதத்தைச் சற்றுத் தாழ விட்டுவிட்டு அடுத்த கட்டில் நிமிர்த்துவார்கள். உங்கள் மகனுக்கு அப்படிச் செய்திருந்தால் தவறு என்று நினைத்துவிட வேண்டாம். ஐந்து விரலும் வெளியே தெரிய வேண்டும், மேல் விளிம்பு கவட்டுக்குக் கீழே இரண்டு விரல் இடம் விட்டு நிற்க வேண்டும், விளிம்பெல்லாம் துணி மடித்து மென்மையாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் வீட்டுக்குக் கிளம்புமுன் பார்க்க வேண்டியவை.

ஃபைபர்கிளாஸா மாவா என்பதற்கு வருவோம். மாவுப் பட்டி பழசு. நெதர்லாந்து ராணுவ மருத்துவர் அந்தோனியுஸ் மதைசன் 1850களின் தொடக்கத்தில் உருவாக்கியது. கை சொன்னபடி வளையும், மெதுவாக இறுகும், விலை குறைவு. புது முறிவுக்கு வடிவம் கொடுக்க இன்றும் அதுதான் வசதி. குறை என்னவென்றால் கனம், தண்ணீர் பட்டால் கரைவது, முழுவதும் காய இரண்டு நாள். நம்மூர் ஈரக் காற்றில் மூன்று நாளும் ஆகலாம். அதுவரை ஊன்றக் கூடாது, விரலால் கிள்ளித் தூக்கக் கூடாது, போர்வையால் மூடக் கூடாது. மின்விசிறிக் காற்று போதும். ஃபைபர்கிளாஸ் என்பது பிசின் தோய்ந்த கண்ணாடி இழை. சில நிமிடத்தில் இறுகும், அரை மணியில் உறுதியாகும், இலகு, எக்ஸ்ரேயில் எலும்பு தெளிவாகத் தெரியும். ஆனால் விறைப்பானது, வீக்கத்துக்கு இம்மியும் இடம் தராது, விலையும் பல மடங்கு. என் கருத்து: முதல் மூன்று வாரம் மாவு, எலும்பு பிடித்துக்கொண்ட பிறகு வேண்டுமானால் ஃபைபர்கிளாஸ். ஃபைபர்கிளாஸ் போட்டால் நீச்சலடிக்கலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. வெளி ஓடு நனைந்தால் ஒன்றும் ஆகாது, உள்ளே இருக்கும் பஞ்சு நனைந்தால் காயவே காயாது. நீர் தாங்கும் உட்பஞ்சு என்று தனியாக உண்டு. அது இருந்தாலொழிய நனைக்கக் கூடாது.

முதல் 48 மணி நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம். படுக்கும்போது பிள்ளையின் கால் விரல்கள் நெஞ்சைவிட உயரத்தில் இருக்கட்டும். இரண்டு தலையணை வைத்து, குதிகால் மட்டும் தலையணை விளிம்புக்கு வெளியே தொங்கும்படி விடுங்கள், அங்கே அழுத்தம் விழக் கூடாது. விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை விரல்களைப் பாருங்கள். கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். கறுத்த தோலில் நிற மாற்றம் சட்டென்று தெரியாது, அதனால் நகத்தைப் பாருங்கள், மறு கால் நகத்தோடு ஒப்பிடுங்கள். விரலை மேலே தூக்கவும் கீழே மடக்கவும் சொல்லுங்கள். தூக்க முடியவில்லை என்றால் நரம்பு அழுத்தப்படுகிறது.

தசைக்குள் அழுத்தம் ஏறும் ஆபத்தைப் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அவர்களிடம் மூன்று அடையாளம் பார்க்கலாம்: காரணமில்லாத பதற்றம், சமாதானமே ஆகாத அடம், நேற்று ஒருமுறை கொடுத்த வலி மருந்து இன்று போதாமல் போவது. மூன்றாவதுதான் மிக முக்கியம். முறிவு வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும், கூடக் கூடாது. நீங்கள் விரலை மெல்ல மேலே நீட்டும்போது கெண்டைக்காலில் உயிர் போகிற மாதிரி கத்தினால் கிளினிக் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். பக்கத்துக் கிளினிக்குக்கும் போக வேண்டாம். நேரே அவசரப் பிரிவு. வண்டி இல்லாவிட்டால் ஆம்புலன்சுக்கு 999. விரல் நீலமாகவோ வெளுத்தோ சில்லிட்டோ போய், சாலையும் நெரிசலாக இருந்தால், மருத்துவமனையைத் தொலைபேசியில் கேட்டபடியே பாதிக்கட்டின் துணிப் பட்டியை அவிழ்த்து, முன்பக்கப் பஞ்சையும் தோல் தெரியும்வரை வெட்டி விடலாம். எலும்பு கொஞ்சம் நகர்ந்தால் திரும்ப நேராக்கலாம், செத்த தசையைத் திருப்ப முடியாது. மருத்துவமனையில் முழுக்கட்டை வெட்டும்போதும் மாவை மட்டும் பிளந்தால் பத்தாது, ரத்தம் ஊறிக் காய்ந்த பஞ்சும் கயிறு மாதிரி இறுக்கும். உள்ளே தோல் வரை பிரித்தார்களா என்று கேளுங்கள்.

வலி மருந்துக்கு அளவு: பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. வரை, ஆறு மணிக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். 18 கிலோ பிள்ளைக்கு 250 மி.கி. சரியாக வரும். இங்கேதான் தவறு நடக்கிறது. நம் மருந்துக் கடைகளில் 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ள சிரப்பும் இருக்கிறது, 250 மி.கி. உள்ளதும் இருக்கிறது, போத்தல் ஒரே மாதிரி. முதலாவதில் 10 மி.லி., இரண்டாவதில் 5 மி.லி. லேபிளைப் படிக்காமல் பழைய கணக்கில் ஊற்றினால் பாதியோ இரட்டிப்போ ஆகும். ஐபுபுரோஃபென் மருத்துவர் சொன்னால் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கலாம். ஆனால் கட்டுப் போட்ட காலத்தில் காய்ச்சல் வந்தால் அதை நிறுத்துங்கள். இங்கே காய்ச்சல் என்றால் டெங்கியை நினைத்தாக வேண்டும், டெங்கியில் ஐபுபுரோஃபென் ரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சலோடு கட்டிலிருந்து கெட்ட வாடையும் வந்தால் உள்ளே புண் இருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

சின்சே விஷயம். தசைப் பிடிப்புக்கும் பழைய சுளுக்குக்கும் சின்சேவிடமோ, உடம்பை நீவிவிடும் மலாய் உருட்டுக்காரரிடமோ போய் நலமடைந்தவர்கள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள், பாட்டிமார் சொல்வது அந்த நம்பிக்கையில்தான். புதிதாக முறிந்த வளரும் எலும்பு வேறு சங்கதி. கட்டைக் கழற்றி உருவினால் சவ்வு பிடித்து வைத்திருந்த நிலை கலையும். தசைக்குள் எலும்பு படியவும் வழியாகும். மூங்கில் பட்டையோ அட்டையோ வைத்து இறுகக் கட்டும் முறையில், அது புத்தூர்க் கட்டோ வேறெதுவோ, பஞ்சு போதாமல் ரத்த ஓட்டம் நின்று கால் அழுகிப்போவது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த ஆபத்து. மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். 'கட்டுக் கழற்றி, எலும்பு சேர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு இலேசாக எண்ணெய் தடவலாம்' என்று சொல்லிவிடுங்கள், அதில் பொய்யும் இல்லை. ஆட்டுக்கால் சூப்பும் விரால் மீன் சாறும் தாராளமாகக் கொடுக்கலாம். எலும்பை ஒட்டவைக்கும் மந்திரம் எதுவும் அதில் இல்லை, புரதம் கிடைக்கும். கால்சியத்துக்குப் பால், கேழ்வரகு, முள்ளோடு தின்னும் நெத்திலி. வீட்டுக்குள்ளேயே அடைத்து வைக்காமல் காலை வெயிலில் கொஞ்சம் உட்கார வைத்தால் வைட்டமின் டி.

அன்றாடப் பாடு வேறு. குளிக்க வைக்கும்போது கட்டின் மேல் விளிம்பில் ஒரு சிறு துண்டைச் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் பை ஒன்று, அதற்குமேல் இன்னொன்று. இரண்டையும் தனித்தனி மட்டத்தில் ஒட்டுங்கள். ஒரே பை ரப்பர் வளையத்தோடு நிற்கும் என்று நம்ப வேண்டாம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, கட்டுக் காலை இன்னொரு முக்காலியில் நீட்டி, குவளையால் ஊற்றுங்கள். வழுக்கும் தரையில் ஒற்றைக் காலில் நிற்க வைப்பது அடுத்த முறிவுக்கு அழைப்பு. அரிப்புக்கு அடிக்கோல், பென்சில், பின்னல் ஊசி எதையும் உள்ளே விடாதீர்கள். பவுடரும் போடாதீர்கள், வியர்வையில் கட்டியாகித் தோலை உரசும். முடி உலர்த்தியைக் குளிர்காற்றில் வைத்து ஊதலாம், சூட்டில் வைக்கக் கூடாது. தாங்கவில்லை என்றால் அரிப்பு மருந்து கேட்டு வாங்குங்கள். இன்னொரு தொல்லை எறும்பு. மைலோ ஒரு சொட்டு கட்டின் விளிம்பில் வழிந்தால் போதும், இரவுக்குள் வரிசை கட்டி உள்ளே போய்விடும். படுக்கையில் குடிக்கக் கொடுக்காதீர்கள். சில்லறைக் காசும் சின்ன விளையாட்டுச் சாமானும் கட்டுக்குள் போவது சகஜம். போனதாகச் சந்தேகம் வந்தாலே சொல்லிவிடுங்கள். குறிப்பிட்ட ஒரே இடத்தில் எரிச்சல் இருந்து இரண்டு நாளில் தானாக அடங்கினால் அதைக் குணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தோல் உணர்வு இழந்து புண்ணாகிக்கொண்டிருக்கலாம்.

ஐந்து வயதில் ஊன்றுகோல் சரிப்படாது. ஆறு ஏழு வயதுக்கு மேல்தான் அதற்கு நிதானம் வரும். சக்கர நாற்காலி வாடகைக்கு எடுங்கள், அல்லது பழைய தள்ளுவண்டி. மின்தூக்கி பழுதான அடுக்குமாடியில் முதுகில் சுமந்து இறங்குவதைவிட முன்பக்கம் தூக்கி, கட்டுக் காலுக்கு அடியில் ஒரு கை கொடுத்து இறங்குவது பாதுகாப்பு. காரில் பிள்ளை இருக்கை 2020 ஜனவரி முதல் சட்டப்படி கட்டாயம், கட்டுப் போட்டிருந்தாலும் இருக்கையில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டாம். முழங்கால் மடங்கிய நீளக்கட்டு பெரும்பாலான இருக்கைகளில் அடங்கும், முன் இருக்கையைக் கொஞ்சம் முன்னே தள்ளினால் இடம் கிடைக்கும். தைப்பூசம் இந்த வாரங்களில் விழுந்தால் பத்துமலையின் 272 படியை இவனைச் சுமந்துகொண்டு ஏற நினைக்க வேண்டாம், அடிவாரத்திலிருந்தே கும்பிடலாம். பாலர் பள்ளிக்கு, வீக்கம் வடிந்து முழுக்கட்டுப் போட்ட ஒரு வாரத்துக்குப் பிறகு அனுப்பலாம், கழிப்பறைக்குத் துணை உண்டு என்று ஆசிரியர் உறுதி சொன்னால்.

மொத்தம் எத்தனை நாள்? இந்த வயதில் டிபியா திருகு முறிவுக்குச் சுமார் ஆறு வாரம், சிலருக்கு எட்டு. நான்காவது வாரத்தில் புது எலும்பு நன்றாகத் தெரிந்தால் முழங்காலுக்குக் கீழே குறைத்து, ஊன்றி நடக்க விடுவதும் உண்டு. கட்டை எடுக்கலாமா என்பதை எக்ஸ்ரே மட்டும் முடிவு செய்வதில்லை. முறிவின்மேல் அழுத்தினால் வலி இல்லாமல் இருக்க வேண்டும்.

இதையே வைத்து வேறு முறிவுள்ள பிள்ளைக்கு முடிவு செய்துவிடாதீர்கள். ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள், பெரியவர் மடியில் உட்கார்ந்து சறுக்குமரத்தில் வரும்போது பிள்ளையின் கால் பக்கத்தில் மாட்டித் திரும்புவதால் வரும் மயிரிழை முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம், பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் புது எலும்பு படிந்த பிறகே தெரியும். அதற்கு மூன்று நான்கு வாரம் சின்னக் கட்டோ காலணி வகைத் தாங்கியோ போதும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே டிபியாவின் மேல் முனையில் வரும் முறிவு இதற்கு நேர்மாறு. டிராம்போலினில் பெரியவரோடு சேர்ந்து குதிக்கும் சிறுபிள்ளைகளுக்கு அந்த இடத்தில் முறிவது வழக்கம். பார்க்க அற்பமாக இருக்கும், அழகாகச் சேரும், சேர்ந்த பிறகு அடுத்த ஓராண்டு ஒன்றரை ஆண்டில் கால் உள்பக்கம் முட்டிக்கொள்ளும்படி வளையும். பெரும்பாலும் சில ஆண்டுகளில் தானே நிமிரும். முன்கூட்டியே சொல்லப்படாத பெற்றோர் கட்டுப் போட்டவரைத்தான் திட்டுவார்கள்.

தொடை எலும்பு என்றால் கதையே மாறும். ஆறு மாதத்துக்குள் துணிப் பட்டைகள் கொண்ட வார்த்தாங்கி, ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை பெரும்பாலும் இடுப்பிலிருந்து கால் வரை போகும் ஸ்பைகா கட்டு, அதற்கு மேல் எலும்புக்குள் வளையும் கம்பி. ஸ்பைகா போட்ட பிள்ளைக்குச் சிறிய டயப்பரை உள்ளே செருகி மேலே பெரிய டயப்பர் கட்ட வேண்டும், பகலில் இரண்டு மணிக்கொரு முறை பார்க்க வேண்டும், இரு கால்களுக்கு நடுவே இருக்கும் குறுக்குக் கம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது, காருக்குத் தனி இருக்கை வேண்டியிருக்கும். இன்னும் நடக்காத குழந்தைக்குத் தொடை முறிந்தால் மருத்துவர் பல கேள்வி கேட்பார், குழந்தைக் கொடுமையைக் கவனிக்கும் குழுவையும் அழைப்பார். 2001 குழந்தைகள் சட்டம் சந்தேகம் இருந்தால் தெரிவிக்க வேண்டும் என்று மருத்துவரைக் கட்டாயப்படுத்துகிறது. உங்கள்மேல் பழி சுமத்துவதாக எடுத்துக்கொள்ளாமல் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

கட்டுக் கழற்றும் ரம்பத்தைக் கண்டு பிள்ளைகள் நடுங்குவது அதன் சத்தத்தால். அந்தத் தட்டு சுழல்வதில்லை, இங்குமங்கும் சிறிதளவு அதிர்கிறது. விறைப்பான கட்டு வெட்டுப்படும், மென்மையான தோல் அதனோடு சேர்ந்து ஆடிவிட்டு விடும். காயம் பெரும்பாலும் படாது என்றாலும் சூடு படலாம், குறிப்பாக ஃபைபர்கிளாஸில், மழுங்கிய தட்டில். உள்ளே அமுக்கி வெளியே எடுத்து அமுக்க வேண்டும், கட்டின்மேல் இழுத்துக்கொண்டே போகக் கூடாது. பையன் 'சுடுது' என்றால் நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. காதுக்கு ஒரு மூடி கொண்டுபோனால் பாதி அழுகை குறையும்.

உள்ளிருந்து வரும் கால் மெலிந்து, செதில் செதிலாகத் தோல் உரிந்து, முடி கூடுதலாக இருக்கும். தேய்த்துச் சுரண்டாமல், வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினால் சில நாளில் சரியாகும். முழங்கால் விறைத்திருக்கும், சில வாரம் நொண்டுவான். இந்த வயதுக்கு உடற்பயிற்சிச் சிகிச்சை பெரும்பாலும் தேவைப்படாது, விளையாட்டே சிகிச்சை. ஓட்டம், பந்து, டிராம்போலின் ஆகியவற்றுக்கு மட்டும் இன்னும் நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் கடந்தும் நொண்டினால், நுனிவிரலில் நடந்தால், பாதத்தை மேலே தூக்க முடியாவிட்டால் திரும்பக் காட்டுங்கள். நீளத்தைப் பற்றி: முறிவு ஆறும் காலத்தில் கூடுதல் ரத்த ஓட்டத்தால் அந்தக் கால் சற்று அதிகமாகவே வளரும், தொடை எலும்பில் சராசரி ஒரு செ.மீ., டிபியாவில் அதைவிடக் குறைவு. ஆறு மாதம் கழித்து வரும் பரிசோதனையில் இரு கால் நீளத்தையும் பாதம் பார்க்கும் திசையையும் அளந்து அட்டையில் எழுதச் சொல்லி வாங்கி வையுங்கள்.